எந்தக் குறிப்பு காகிதத்துக்கு வர வேண்டும்?

நம் மாணவர் தோழர்கள் பலர் குறிப்பு எடுப்பதில் முந்தைய தலைமுறையை விட ஒழுங்காக இருக்கிறார்கள். வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியும் குழுவோடு போய் வந்த அன்று இரவே கணினியைத் திறக்கிறார்கள். யார் என்ன சொன்னார், எந்தத் தெருவில் எது நடந்தது, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை போட்டார்களா, சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்களா என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் குறிப்பாக எழுதிவைக்கிறார்கள். இதற்குச் சிலர் டிட்லிவிக்கி என்ற குறிப்பேட்டைப் பயன்படுத்துகிறார்கள். 2004இல் ஜெரமி ரஸ்டன் உருவாக்கியது. காசு கிடையாது. மொத்தக் குறிப்பேடும் ஒரே ஒரு கோப்பு. இணையம் இல்லாமலே பிரவுசரில் திறக்கும், பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். ஒரு குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்புக்கு இணைப்புக் கொடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் ஒட்டலாம். வேறு செயலிகளை வைத்திருப்பவர்களும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள்.

இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே நடப்பதில்லை என்பதுதான் என் குறை. குறிப்புகள் நூற்றுக்கணக்கில் சேர்கின்றன. எழுதியவரைத் தவிர ஒருவரும் அவற்றைப் பார்ப்பதில்லை. யாருடைய வீடு கொளுத்தப்பட்டதோ, அந்த வீட்டுக்காரருக்கே தன்னைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அவரிடம் ஸ்மார்ட்போன் இருக்கலாம். ஆனால் நீல நிற இணைப்புகளைத் தட்டித் தட்டி உள்ளே போய்ப் படிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை, அந்த நேரமும் இல்லை. வழக்கறிஞர் கேட்கும்போதுதான் தோழர் குறிப்பேட்டைத் திறந்து தேடத் தொடங்குகிறார். பாதிக் குறிப்புகள் பாதி வாக்கியங்களில் நிற்கின்றன.

ஆகவே அச்சிடுங்கள் என்கிறேன். முழுவதையும் வேண்டாம், தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். இதை ஏதோ அலுவலக வேலை போல நினைக்கிறவர்கள் பாபாசாகேப் அம்பேத்கரின் ஒரு சின்னப் பிரதியை எடுத்துப் பார்க்க வேண்டும். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று நாம் அறிந்திருப்பது, அவர் தன் கையால் எழுதிவைத்திருந்த சில பக்கங்கள். அவர் இருந்தபோது அது நூலாக வரவில்லை. 1990இல்தான் மக்கள் கல்விக் கழகம் அதைச் சிறு நூலாக வெளியிட்டது. இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பவை ஆறே ஆறு நிகழ்வுகள். 1901இல் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய பிள்ளைகள் மசூர் ரயில் நிலையத்தில் மாட்டிக்கொண்டது. பரோடாவில் தங்க இடம் கிடைக்காதது. 1929இல் சாலிஸ்காவில், தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்டினால் கௌரவம் போய்விடும் என்று குதிரை வண்டிக்காரர் மறுக்க, ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்டி வண்டி கவிழ்ந்தது. 1934இல் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் கை கால் கழுவியதற்கு வந்த வசை. இந்த நான்கும் அவருடைய சொந்த அனுபவங்கள். மற்ற இரண்டும் அவருடையவை அல்ல. ஒன்று, கத்தியவாரில் மனைவிக்கு வைத்தியம் கிடைக்காமல் இழந்த ஆசிரியர் ஒருவரின் கடிதம், 1929இல் ‘யங் இந்தியா’வில் வந்தது. மற்றொன்று, தலாட்டி வேலைக்குப் போன துப்புரவுத் தொழிலாளர் சமூகத்து இளைஞர் 1938இல் பம்பாயில் ஒரு கூட்டத்தில் சொன்னது.

அவரிடம் சொல்வதற்கு ஆறு நிகழ்வுகள்தானா இருந்திருக்கும்? அவர் வாழ்நாளில் பட்டதையும் கேட்டதையும் எழுதினால் அலமாரி போதாது. ஆறை எடுத்தார். தீண்டாமை என்றால் என்னவென்றே தெரியாத வெளிநாட்டவருக்கு அதை எப்படிப் புரியவைப்பது என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. அந்த வாசகரை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தார், வரிசைப்படுத்தினார். படித்து முன்னேறினால் சாதி போய்விடும் என்று நினைப்பவருக்குப் பரோடா பதில் சொல்கிறது. இந்துக்களிடம் மட்டும்தான் இது இருக்கிறது என்று நினைப்பவருக்குத் தௌலதாபாத். அவர் படித்தவர், அவருக்கு நடந்தது விதிவிலக்கு என்று சொல்லக்கூடியவருக்கு மற்ற இருவரின் கதை. நான்கு தன்னுடையது, இரண்டு பிறருடையது என்ற அந்தக் கணக்கை நம் குறிப்பேட்டுக்காரர்கள் நின்று யோசிக்க வேண்டும். நம்மில் பலருடைய வெளியீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. பிறர் துயரம் பக்கம் பக்கமாக இருக்கும், எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்பது மட்டும் தெரியாது.

விக்கிக் குறிப்பேடு இந்த வரிசை வேலையிலிருந்து நமக்கு விடுமுறை கொடுத்துவிடுகிறது. எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்திருப்பதால் எது முதலில், எது பிறகு என்று முடிவெடுக்கவே தேவையில்லை. காகிதத்தில் அது நடக்காது. பக்கம் ஒன்று என்று ஒன்று இருந்தாக வேண்டும். திரையில் ‘கிணற்றுச் சம்பவம்’ என்று அடிக்கோடிட்ட சொல் ஒரு கதவு. தாளில் அது வெறும் அடிக்கோடு. அதற்குப் பின்னால் இருந்ததை நீங்கள் இரண்டு வரியில் அங்கேயே எழுத வேண்டும், அல்லது அந்தக் குறிப்பையும் முன்னால் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ‘3(1)(எஸ்) போடல, டி.எஸ்.பி. வரல’ என்று உங்களுக்காக எழுதியதை, ‘சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியதற்கான பிரிவு சேர்க்கப்படவில்லை, புலன் விசாரணை செய்ய வேண்டிய துணைக் கண்காணிப்பாளர் ஊருக்கு வரவில்லை’ என்று விரித்து எழுத வேண்டும். இதைச் செய்யும்போதுதான் நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதே வெளியே வருகிறது. எந்தத் தேதியில் வரவில்லை? வரவில்லை என்று சொன்னது யார்?

சரி, கோப்பையே அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு நொடி வேலை. இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஒரே கோப்பு என்பது டிட்லிவிக்கியின் பெரிய வசதி, களப்பணியில் அதுவே பெரிய பொறி. வழக்கறிஞருக்கு வேண்டியது பத்துக் குறிப்பு. கோப்பை அனுப்பினால் உங்கள் ஐந்து வருடக் குறிப்பும் கூடவே போகிறது. சாதி மறுத்து மணம் செய்த இணையர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதும் போகிறது. ஊர்த் தெருவிலிருந்து நமக்கு ரகசியமாகச் சேதி சொன்னவரின் பெயரும் போகிறது. திரையில் தெரியாதபடி மறைத்து வைத்திருப்பதாக நினைக்கும் குறிப்புகள்கூட, கடவுச்சொல் வைத்துப் பூட்டாத கோப்பை ஒரு சாதாரண எழுத்துச் செயலியில் திறந்தால் அப்படியே கிடக்கும். கோப்பு ஒருமுறை கை மாறினால் அது யார் யார் போனில் போய் நிற்கும் என்று உங்களால் சொல்ல முடியாது.

அதனால் தேர்வை எப்படிச் செய்கிறோம் என்பது முக்கியம். பலரும் ‘அச்சிட வேண்டாம்’ என்று சிலவற்றுக்குக் குறிச்சொல் ஒட்டிவிட்டு மீதியை அச்சுக்கு அனுப்புகிறார்கள். அதை மாற்றுங்கள். எதுவும் அச்சுக்குப் போகாது என்பதே பொது விதியாக இருக்கட்டும். படித்துப் பார்த்து, போகலாம் என்று முடிவெடுத்த குறிப்புக்கு மட்டும் குறிச்சொல் ஒட்டுங்கள். ஒட்ட மறந்தால் ஒரு தகவல் விடுபடும், அவ்வளவுதான். முதல் முறையில் மறந்தால் ஒரு சாட்சியின் வீட்டுக் கதவை யாராவது தட்டுவார்கள்.

குறிச்சொல்லையும் வாசகரை வைத்துப் பிரியுங்கள். ‘வழக்கறிஞருக்கு’, ‘ஆட்சியருக்கு’, ‘ஊருக்கு’. ஒரே சம்பவம்தான், ஆனால் மூன்று தேர்வு. ஆட்சியருக்குப் போவதில் தேதிகளும் விதிகளும் இருக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி அறுபது நாளில் புலன் விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை போயிருக்க வேண்டும்; மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடியிருக்க வேண்டும்; நிவாரணத்தில் எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது. திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் கொடுக்கும் மனுவோடு இதை இணைத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். அரசு இன்னும் காகிதத்தில்தான் வாழ்கிறது. உங்கள் செயலியைப் பார்த்து எந்தக் குமாஸ்தாவும் முத்திரை குத்த மாட்டார்.

பாலியல் வன்முறை வழக்கென்றால் இன்னும் கவனம் தேவை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அச்சிடுவதைக் குற்றமாக்குகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 228ஏ. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டம் தனியாக இருக்கிறது. அவர் இறந்துவிட்டாலும், குடும்பம் சம்மதித்தாலும்கூட நாமாக முடிவெடுத்துப் பெயரை வெளியிட முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயரை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நாற்பது வீடுள்ள சேரியில் ‘பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும், அப்பா இல்லாத பெண்’ என்று எழுதினால் அது பெயர் எழுதியதுதான். மறைக்க வேண்டியதைக் குறிப்பிலேயே அழித்துவிட்டு அச்சிடுங்கள். பிடிஎஃப் கோப்பில் கறுப்புப் பட்டை வரைந்தால் பல நேரம் எழுத்து அதன் அடியில் அப்படியே உயிரோடு இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் வெளியே வந்துவிடும்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். குறிப்பு எப்போது உருவானது, எப்போது கடைசியாகத் திருத்தப்பட்டது என்று இரண்டு நேரங்களை டிட்லிவிக்கி வைத்திருக்கும். அச்சிடுவதற்கு முந்தைய நாள் நீங்கள் உட்கார்ந்து எழுத்துப் பிழை திருத்தினால், திருத்திய தேதி அந்த நாளாக மாறிவிடும். சம்பவம் நடந்து எட்டு மாதம் கழித்துத் திருத்திய குறிப்பை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சும்மா விடுவாரா? களத்திலிருந்து வந்த இரவு எழுதியதை அப்படியே, பிழையோடு, ஒரு பிரதி அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டு எடுத்து வையுங்கள். திருத்தி விரித்து எழுதுவதை வேறொரு குறிப்பாகச் செய்யுங்கள். சாட்சி சொல்பவர், சம்பவத்தின்போதோ அதை ஒட்டியோ தானே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள நம் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. அப்படிப் பார்த்தால் எதிர்த்தரப்பும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், அதை வைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஆகவே அந்த முதல் குறிப்பில் பார்த்ததும் கேட்டதும் மட்டும் இருக்கட்டும். உங்கள் கோபத்துக்கு இன்னொரு குறிப்பு போடுங்கள், தப்பில்லை. புகைப்படம், ஒலிப்பதிவு இவற்றின் அச்சுப் பிரதி மூலத்துக்கு ஈடாகாது. மூலக் கோப்பு அப்படியே இருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழுக்குக் கோப்பின் ஹாஷ் மதிப்பும் வேண்டும்.

இவ்வளவு எதற்கு, கணினியில் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று காலம். வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தது 1992 ஜூன் 20. தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று சொன்னது 2011 செப்டம்பரில். சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு வருடம். 1992இல் யாராவது ஃப்ளாப்பியில் குறிப்பு வைத்திருந்தால் இன்று அதைச் செருக ஒரு கணினி கிடைக்குமா? அவ்வளவு தூரம் போக வேண்டாம். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் நம் இயக்கங்கள் தட்டச்சு செய்த துண்டறிக்கைகளையும் அறிக்கைகளையும் திறந்து பாருங்கள். அந்தக் காலத்து எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை தெரியும். அதே அறிக்கையின் அச்சுப் பிரதி ஏதோ ஒரு தோழர் வீட்டுப் பரணில் மஞ்சள் பூத்துக் கிடக்கும். ஆனால் படிக்க முடியும்.

இரண்டாவது, பீமா கோரேகான் வழக்கு. ரோனா வில்சனின் மடிக்கணினி நகலை ஆராய்ந்த அர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்க நிறுவனம் 2021இல் அறிக்கை தந்தது. அந்தக் கணினி 22 மாதங்களுக்கு மேல் வெளியாள் ஒருவரின் பிடியில் இருந்தது, வழக்கின் முக்கிய ஆதாரமாகக் காட்டப்பட்ட கடிதங்கள் வெளியிலிருந்து அதில் வைக்கப்பட்டவை என்றது. தேசியப் புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. நம்மைப் பொறுத்தவரை பாடம் வேறு. கணினியைப் பறித்துக்கொண்டு போனால், அதில் நீங்கள் எழுதியது என்ன, எழுதாதது என்ன என்று காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. காகிதம் இதையெல்லாம் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் சோதனை போடுகிறவர்கள் காகிதத்தையும்தான் அள்ளிக்கொண்டு போவார்கள். ஆனால் ஐந்து ஊரில் ஐந்து பேரிடம் இருக்கும் தேதியிட்ட பிரதியை ஒரே சோதனையில் அள்ள முடியாது. 2016 ஜூனில் மும்பை தாதரில் அம்பேத்கர் பவனை அதிகாலையில் இடித்தார்கள். பாபாசாகேபின் புத்தபூஷண் அச்சகம் இருந்த இடம் அது. அங்கே அச்சான தாள்களோ எப்போதோ வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தன.

எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1936இல் லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டல் உரையைத் திருத்தச் சொன்னபோது அம்பேத்கர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். கூட்டமே ரத்தானது. நிகழாத அந்த உரையைத் தன் செலவில் 1500 பிரதி அச்சிட்டார். அதன் பிறகு அது ‘குடிஅரசு’ வழியாகத் தமிழுக்கும் வந்தது. ‘சாதி ஒழிப்பு’ நமக்குக் கிடைத்தது அந்த 1500இலிருந்துதான். மேடை கிடைக்காதபோது அவர் தாளைத் தேடிப் போனார்.

இனி யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி. இது எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். நம் சேரிகளுக்கு ஆய்வாளர்கள் வருகிறார்கள், மணிக்கணக்கில் கேட்கிறார்கள், போகிறார்கள். எங்கோ ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வருகிறது. சொன்னவர் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. இப்போது நம் பிள்ளைகளே ஆய்வாளர்கள். அவர்கள் குறிப்பேடும் அதேபோல ஒருவழிப் பாதையாக இருந்தால் என்ன வித்தியாசம்? அச்சிட்ட முதல் பிரதி, வழக்கறிஞருக்கும் முன்னால், பேசியவரிடம் போக வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். ‘நான் அப்படிச் சொல்லலையே தம்பி’ என்பார் ஒருவர். ‘இந்த ஒரு வரி வேண்டாம்மா, நாளைக்கு நான் அந்தக் காட்டுக்குத்தான் வேலைக்குப் போகணும்’ என்பார் இன்னொருவர். பேனாவை எடுத்து அங்கேயே அடியுங்கள். அந்தத் திருத்தம் போட்ட தாளையும் பத்திரப்படுத்துங்கள். திரையில் இதைச் செய்து பாருங்கள். உங்கள் மடிக்கணினியைத் தொட்டுத் திருத்த அவருக்குக் கை வராது. தாள் என்றால் விரலை வைத்துக் காட்டுவார்.

‘காகிதம் செலவு, மரம் வெட்டுகிறார்கள்’ என்று ஒரு தோழர் வாதிட்டார். பதினாறு பக்கத்துக்கு நாலே நாலு ஏ4 தாள். இரண்டு பக்கமும் அச்சிட்டு நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் சிறு நூல். குறிப்பேட்டில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, குறிச்சொல் ஒட்டியவற்றை மட்டும் வரிசையாகத் திறந்து அச்சுக் கட்டளை கொடுங்கள். திறந்திருப்பதுதான் அச்சாகும். கொஞ்சம் தெரிந்தவர்கள் அந்தக் குறிச்சொல்லுள்ள குறிப்புகளை ஒன்றன் கீழ் ஒன்றாக இழுத்துக் காட்டும் ஒரு தனிக் குறிப்பையே எழுதிவைத்துக்கொள்ளலாம். அதில் வரிசை உங்கள் கையில் இருக்கும். எழுத்தைப் பதினான்கு புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள், படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி இல்லை. பிரவுசர் தானாகத் தாளின் தலையிலும் அடியிலும் போடும் வரிகளைக் கட்டாயம் நிறுத்துங்கள். கோப்பு உங்கள் கணினியில் எங்கே இருக்கிறது என்ற முகவரி அதில் வரும். பல நேரம் அதற்குள் உங்கள் பெயரே இருக்கும். பிறகு பிடிஎஃப் ஆக்கி ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். நேராகக் கோப்பைக் கொடுத்தால் கடைக் கணினியில் தமிழ் உடைந்து நிற்கும், போதாததற்குக் கோப்பும் அங்கேயே தங்கிவிடும். பிடிஎஃப்பையும் அச்சு முடிந்ததும் கடைக்காரர் அழிக்கும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.

ஊருக்கான தேர்வில் தொடக்கத்துக்கு ஐந்து பிரதி போதும். ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று வழக்கறிஞரின் கட்டில் சேர்க்க, ஒன்று பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் தோழரிடம், ஒன்று உங்களிடம். ஐந்தாவது அந்த ஊர் அம்பேத்கர் படிப்பகத்துக்கு. படிப்பகம் பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் எதிர்வீட்டு அக்காவிடம்தான் இருக்கும்.